பழைய சாகச விளையாட்டுகளை இன்று வாங்கி ஆடுவது எப்படி: மறுவெளியீடுகளும் நகல் தடுப்பும்

‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்ற கணினிச் சாகச விளையாட்டின் 1990ஆம் ஆண்டு ஃபிளாப்பிப் பதிப்பைத் தொடங்கினால், கதை ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு கடற்கொள்ளையனின் முகம் திரையில் தோன்றும். இவன் இன்ன ஊரில் எந்த ஆண்டு தூக்கிலிடப்பட்டான் என்று விளையாட்டு கேட்கும். புதிதாக வருபவர்கள் இதையே முதல் புதிர் என்று எண்ணி, திரையில் ஏதேனும் துப்பு கிடைக்குமா என்று தேடத் தொடங்குகிறார்கள். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் விடை விளையாட்டுக்குள் இல்லை. அட்டைப்பெட்டியோடு வந்த, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு அட்டைவட்டுகளில் முகத்தின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பொருத்தி, அந்த ஊரின் பெயருக்கு நேராக வெட்டப்பட்டிருக்கும் சிறு துளையில் தெரியும் ஆண்டைத் தட்டச்சு செய்ய வேண்டும். அட்டைவட்டு கையில் இருப்பவர் பணம் கொடுத்து வாங்கியவர், இல்லாதவர் நகலெடுத்தவர் என்பது அக்கால நிறுவனங்களின் கணக்கு.

இன்று அதே விளையாட்டுகள் இணையத்தில் மறுவெளியீடாக விற்பனைக்கு வருகின்றன. பெட்டியும் வருவதில்லை, அட்டைவட்டும் வருவதில்லை. ஆகவே வாங்குபவர் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பழைய பூட்டு, அதாவது நகலைத் தடுக்கும் இத்தகைய கேள்வி, இன்னும் உள்ளே இருக்கிறதா? இருந்தால் அதற்கான சாவி, அதாவது கையேடும் அதோடு வந்த தாள்களும், கோப்புகளாகத் தரப்படுகின்றனவா? பழையதை நீக்கிவிட்டுப் புதிய பூட்டு எதையேனும் போட்டிருக்கிறார்களா? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால், முப்பது நாற்பது ஆண்டு பழைய விளையாட்டை இன்றைய கணினியில் ஆடுவது கடினமான வேலையே அல்ல.

முதலில்: பூட்டு எது, புதிர் எது என்று பிரித்தறியுங்கள்

ஃபிளாப்பி வட்டை நகலெடுப்பது எளிது. ஐம்பது பக்கக் கையேட்டை நகலெடுப்பது அன்றைக்குச் செலவும் சிரமமும் பிடித்த வேலை. அதனால்தான் 1980களின் நடுப்பகுதியிலிருந்து பல நிறுவனங்கள் தடுப்பை வட்டிலிருந்து காகிதத்துக்கு மாற்றின. ஆனால் சாகச விளையாட்டை உருவாக்கியவர்கள் கதை சொல்பவர்களாகவும் இருந்தபடியால், பூட்டையும் கதைக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1987இல் வந்த ‘மேனியாக் மேன்ஷன்’ விளையாட்டில் மாளிகையின் மாடியில் ஓர் இரும்புக் கதவு இருக்கும். சரியான குறியீட்டை இடாமல் அதைத் திறக்க முயன்றால் மாளிகையே வெடித்துச் சிதறும். அடுத்த ஆண்டு வெளியான ‘ஜாக் மெக்ராக்கன்’ விளையாட்டில் அமெரிக்காவை விட்டு விமானத்தில் வெளியேற விசாக் குறியீடு கேட்பார்கள். திரும்பத் திரும்பத் தவறினால் கதாநாயகன் சிறைக்குப் போவான். 1991இன் ‘ஸ்பேஸ் குவெஸ்ட் 4’ விளையாட்டில் காலப்பயண ஊர்தியை இயக்கும் குறியீடுகளில் ஒன்று, பெட்டியோடு வந்த கேலிப் பத்திரிகையின் பக்கத்தில் அச்சாகியிருந்தது. ‘லாரா பௌ’ தொடரின் இரண்டாம் விளையாட்டில், 1992இல், எகிப்தியக் கடவுளரை அடையாளம் காட்டச் சொல்லிக் கேள்வி வரும். இவை எல்லாம் பூட்டுகள்தாம்; மூளையைக் கசக்கிப் பயனில்லை.

இன்னொரு வகை உண்டு. பூட்டாகவும் புதிராகவும் ஒரே நேரத்தில் இருப்பவை அவை, அவற்றை நான் உயர்வாக மதிக்கிறேன். சியெரா நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘கிங்ஸ் குவெஸ்ட் 3’ விளையாட்டில் மந்திரவாதியிடம் அடிமையாக இருக்கும் சிறுவன் ஏழு மந்திரங்களைச் செய்து தப்பிக்க வேண்டும். அவற்றுக்கான பொருள்களை விளையாட்டுக்குள் தேடிச் சேர்க்கலாம். ஆனால் எதை எதோடு கலப்பது, எப்போது கிளறுவது, எந்தச் செய்யுளை ஓதுவது என்பதெல்லாம் கையேட்டில் மட்டுமே இருக்கும். அந்த வரிகளை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பிசகினால் மந்திரம் திரும்பிவந்து சிறுவனையே கொன்றுவிடும். கையேட்டைப் பக்கத்தில் திறந்துவைத்து வரிவரியாக அடித்துக்கொண்டிருப்பவர், உண்மையாகவே மந்திரச் சுவடியைப் பார்த்து வேலை செய்யும் சீடனாகிவிடுகிறார். ‘கிங்ஸ் குவெஸ்ட் 6’ விளையாட்டின் மலைமுகட்டுப் படிகளும் அப்படித்தான்: பெட்டியோடு வந்த தீவுகளின் வழிகாட்டி நூலைப் படிக்காமல் அவற்றில் ஏற முடியாது. 1989இன் ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் க்ரூசேட்’ விளையாட்டில் இறுதியில் உண்மையான கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்கப் பெட்டியில் இருந்த நாட்குறிப்பு துணைசெய்யும். இத்தகைய விளையாட்டை அதன் தாள்கள் இல்லாமல் விற்பது, சில அத்தியாயங்களைக் கிழித்துவிட்டு நாவலை விற்பதற்குச் சமம்.

பூட்டை அடையாளம் காணச் சில குறிகள் உள்ளன. கேள்வி பக்க எண்ணையோ, சொல்லின் வரிசையையோ, படத்தையோ சுட்டினால் அது கையேட்டைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கேள்வி மாறினால் அதுவும் பூட்டு. விளையாட்டின் உலகத்தில் எவரும் பேசாத, எங்கும் எழுதியிராத எண் ஒன்றைத் திடீரெனக் கேட்டால், அங்கே யோசிப்பதை நிறுத்திவிட்டுக் கையேட்டைத் திறப்பதே சரி.

பணம் செலவழிக்கும் முன் ஒரு வெள்ளோட்டம்

புதியவர்கள் முதலில் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும் என்பது என் பரிந்துரை. 2001இல் லுட்விக் ஸ்ட்ரீகியஸ், வின்சென்ட் ஹாம் ஆகிய இருவரும் லூகாஸ்ஆர்ட்ஸ் விளையாட்டுகளுக்காகத் தொடங்கிய இந்தத் திட்டம், இன்று சியெரா, ரெவல்யூஷன் உள்ளிட்ட பல நிறுவனங்களின் விளையாட்டுகளை இயக்குகிறது. இது பழைய கணினியைப் போலச் செயல்படும் எமுலேட்டர் அன்று. விளையாட்டின் இயக்கு நிரலுக்குப் பதிலாகத் தானே அமர்ந்து, படம், ஒலி, உரையாடல் அடங்கிய தரவுக் கோப்புகளை மட்டும் படித்து இயக்கும். அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ், கைபேசி என எதிலும் ஒரே விளையாட்டை ஆட முடிகிறது.

வெள்ளோட்டத்துக்கு உரிய விளையாட்டுகளும் அங்கேயே உள்ளன. 1994இல் ரெவல்யூஷன் வெளியிட்ட ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ 2003இல் உரிமையாளர்களாலேயே இலவசமாக்கப்பட்டது. ‘ஃபிளைட் ஆஃப் தி அமேசான் குவீன்’ அதற்கடுத்த ஆண்டு இலவசமானது. ஸ்கம்விஎம் தளத்திலிருந்து இவற்றைச் சட்டப்படி பதிவிறக்கலாம். கோப்புறையை விரித்து வைத்துவிட்டு, ஸ்கம்விஎம்மில் விளையாட்டைச் சேர்ப்பதற்கான பொத்தானை அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். கோப்புகளின் அளவையும் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டு, இது எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு, எந்த மொழி என்று அதுவே சொல்லிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒரே பெயரில் பெரும்பாலும் மூன்று பதிப்புகள் இருக்கும்: குரல் இல்லாத ஃபிளாப்பிப் பதிப்பு, நடிகர்கள் குரல் கொடுத்த சிடி பதிப்பு, அண்மையில் படங்களைப் புதிதாக வரைந்த மறுஆக்கம். பூட்டுத் தொல்லை மிகுதியாக இருப்பது ஃபிளாப்பிப் பதிப்பில்தான். சிடி வந்த தொடக்க ஆண்டுகளில் அறுநூறு மெகாபைட்டுக்கு மேல் கொள்ளும் வட்டை வீட்டில் நகலெடுக்க வழியில்லை. வட்டே பூட்டாக இருந்ததால் கையேட்டுக் கேள்விகளைப் பல நிறுவனங்கள் கைவிட்டன. எனவே விற்பனைப் பக்கத்தில் எந்தப் பதிப்பு தரப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். ‘மங்கி ஐலண்ட்’ முதலிரண்டு விளையாட்டுகளின் 2009, 2010ஆம் ஆண்டு மறுஆக்கங்களிலும், 2016இன் ‘டே ஆஃப் தி டென்டகிள்’ மறுஆக்கத்திலும் ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய படங்களுக்கு மாறலாம். பழைய தோற்றத்தைப் பார்க்கவும் வேண்டும், பூட்டோடு மல்லுக்கட்டவும் மனமில்லை என்பவர்களுக்கு இவை நல்ல தொடக்கம்.

அடுத்து, கூடுதல் கோப்புகளின் பட்டியல். போலந்தின் சிடி புராஜெக்ட் குழுமம் 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடை, பல பழைய விளையாட்டுகளோடு கையேடு, வரைபடம், குறிப்பு நூல், குறியீட்டுத் தாள் ஆகியவற்றைப் பிடிஎஃப் கோப்புகளாகத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எல்லாமும் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வாங்கக் கூடாது. விற்பனைப் பக்கத்திலேயே பட்டியல் இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ‘கிங்ஸ் குவெஸ்ட் 3’ போன்ற விளையாட்டுக்குக் கையேடு இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் அது முழுமையான பொருள் அன்று.

மூன்றாவது, புதிய பூட்டு. ஜிஓஜியில் வாங்குவதன் நிறுவல் கோப்பைத் தனியாகப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே நிறுவலாம். அதில் டிஆர்எம் எனப்படும் உரிமச் சரிபார்ப்பு கிடையாது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் நிலை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். அங்கே நீங்கள் பெறுவது உரிமம்தான் என்பதை 2024 அக்டோபர் முதல் ஸ்டீமே வாங்கும் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. ஆயினும் அங்கு விற்கப்படும் பழைய சாகச விளையாட்டுகள் சில, பழைய டாஸ் கணினியைப் போலச் செயல்படும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரையோ ஸ்கம்விஎம்மையோ உள்ளே வைத்து வெளியிடப்பட்டவை. அவற்றின் கோப்புறையை நகலெடுத்து, ஸ்டீம் ஓடாதபோதும் இயக்க முடிகிறது. எந்த விளையாட்டில் எந்தப் பூட்டு என்பதை அறியப் பிசிகேமிங்விக்கி என்ற தளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பதிவிறக்கமும் காப்புநகலும்

வாங்கியவுடன் நிறுவல் கோப்பைப் பதிவிறக்குங்கள். பெரிய விளையாட்டுகள் ஓர் இயக்கு கோப்பும் பல தரவுத் துண்டுகளுமாகப் பிரிந்து வரும். ஒரு துண்டு விட்டுப்போனாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும். எல்லாத் துண்டுகளையும், கூடுதல் கோப்புகளையும், வாங்கியதற்கான ரசீதையும் ஒரே கோப்புறையில் வைத்து, கணினியிலும் வெளியில் செருகும் வன்வட்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உரிம ஒப்பந்தம் முடிந்தால் விளையாட்டுகள் கடையிலிருந்து விலக்கப்படுவது வழக்கமாக நடப்பது. பெரும்பாலும் முன்பே வாங்கியவர்களின் கணக்கில் அவை தொடரும் என்றாலும், கையில் பிரதி இருப்பதற்கு அது ஈடாகாது.

பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். இணையத்தைத் துண்டித்து, கடையின் செயலியை முழுவதும் மூடிவிட்டு, விளையாட்டின் கோப்புறைக்குள் போய் அதன் இயக்கு கோப்பை நேரடியாகத் தொடங்குங்கள். விளையாட்டு திறந்தால் புதிய பூட்டு இல்லை. கடையின் செயலி தானாக எழுந்து வந்தால் இருக்கிறது என்று பொருள். பணத்தைத் திரும்பப் பெறும் காலம் முடிவதற்குள் இதை அறிந்துகொள்வது நல்லது.

விளையாட்டு எதைக் கொண்டு இயங்குகிறது

நிறுவிய கோப்புறையைத் திறந்து பார்த்தால் உள்ளே டாஸ்பாக்ஸ் அல்லது ஸ்கம்விஎம் என்ற பெயர் கண்ணில் படும். ஜிஓஜி 2019 டிசம்பரில் வெளியிட்ட ‘பிளேடு ரன்னர்’, 1997இல் வந்த அந்த விளையாட்டை ஸ்கம்விஎம் வழியாகவே இயக்கியது. அதாவது ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் செய்த வேலைதான் விற்பனைப் பொருளுக்கு உயிர்கொடுத்தது. உள்ளே இருப்பது டாஸ்பாக்ஸாக இருந்தாலும், ஸ்கம்விஎம் ஆதரிக்கும் விளையாட்டு என்றால் தரவுக் கோப்புகளை மட்டும் எடுத்து ஸ்கம்விஎம்மில் சேர்த்து ஆடலாம். ‘மங்கி ஐலண்ட்’ போன்றவற்றில் .000, .001 என்று முடியும் கோப்புகளே அந்தத் தரவு.

இவ்வாறு செய்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. குறிப்பிட்ட சில விளையாட்டுகளின் கையேட்டுக் கேள்வியை ஸ்கம்விஎம் இயல்பாகவே கடந்துவிடும். அட்டைவட்டைச் சுழற்றி, கேள்விக்கு விடைகாணும் அனுபவமே வேண்டும் என்பவர்களுக்காக அதன் அமைப்புக் கோப்பில் ‘காப்பி புரொடெக்ஷன்’ என்ற பெயரில் ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் அந்த விளையாட்டுகளில் பூட்டு மறுபடி தோன்றும். ஆனால் எல்லா விளையாட்டுக்கும் இந்தத் தாண்டல் இல்லை. குறிப்பாக, கதையோடு பின்னிய பூட்டுகளை எந்த மென்பொருளும் நீக்காது, நீக்கவும் கூடாது.

டாஸ்பாக்ஸில் ஆடுபவர்களுக்குச் சில பொத்தான்கள் போதும். மவுஸ் சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டால் கண்ட்ரோலும் எஃப்10உம். முழுத்திரைக்கு ஆல்ட்டும் என்டரும். விளையாட்டு அளவுக்கு மீறி வேகமாக ஓடினால் வேகத்தைக் குறைக்கக் கண்ட்ரோலும் எஃப்11உம், கூட்டக் கண்ட்ரோலும் எஃப்12உம். ஸ்கம்விஎம்மில் கண்ட்ரோலும் எஃப்5உம் அழுத்தினால் சேமிப்பும் அமைப்புகளும் உள்ள பொதுப் பட்டியல் வரும்.

திரையின் விகிதத்தைச் சரிசெய்வதை மறக்க வேண்டாம். அக்கால விளையாட்டுகள் 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டு, நான்குக்கு மூன்று விகிதமுள்ள திரையில் காட்டப்பட்டன. அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு உயரமாகத் தெரிந்தது. இன்றைய திரையில் அப்படியே காட்டினால் நிலா முட்டைவடிவில் படுத்துக் கிடக்கும், மனிதர்கள் குள்ளமாகத் தெரிவார்கள். விகிதத் திருத்தம் என்ற தெரிவை இயக்கினால் ஓவியர் வரைந்த உருவம் திரும்பும். இதைச் செய்யாமல் பல ஆண்டுகள் ஆடியவர்கள் உண்டு. ஒருமுறை மாற்றிப் பார்த்தால் பழைய நிலைக்குத் திரும்ப மனம் வராது.

கேள்வி வந்துவிட்டால்

பிடிஎஃப் கையேட்டில் விடை தேடும்போது, கோப்பின் பக்க எண்ணையும் தாளில் அச்சான பக்க எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அட்டையும் உள்ளட்டையும் சேர்வதால் இரண்டும் வேறுபடும். சில கோப்புகளில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கமாக வருடப்பட்டிருக்கும். விளையாட்டு கேட்பது எப்போதும் அச்சான எண்ணைத்தான். மூன்றாம் பத்தியின் இரண்டாம் சொல் என்று கேட்டால், தலைப்பைப் பத்தியாக எண்ணுகிறார்களா என்ற ஐயம் எழும்; முதலில் எண்ணாமல் பாருங்கள், பொருந்தாவிட்டால் எண்ணிப் பாருங்கள். பல நாடுகளில் பல பதிப்புகளாக வெளியான விளையாட்டுகளில் கையேட்டின் பக்க அமைப்பே மாறியிருக்கக்கூடும் என்பதால், கடை தந்த கையேட்டையே முதலில் நம்புங்கள்.

சிவப்புத் தாள்கள் தனிச் சிக்கல். ‘லூம்’ விளையாட்டோடு வந்த நூலின் சில பகுதிகளும், ‘லாஸ்ட் க்ரூசேட்’ விளையாட்டின் அட்டவணையும், ஒளிநகல் எடுக்க முடியாதபடி சிவப்புக் கோடுகளுக்கு அடியில் வெளிர்நீலத்தில் அச்சிடப்பட்டிருந்தன; பெட்டியில் இருந்த சிவப்புக் கண்ணாடித்தாளை மேலே வைத்தால்தான் எழுத்துத் தெரியும். அந்தத் தாள் இன்று உங்களிடம் இருக்காது. வண்ணத்தில் வருடிய பக்கத்தைப் படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து, சிவப்பு வண்ண அடுக்கை மட்டும் காட்டச் சொல்லுங்கள். சிவப்புக் கோடுகள் வெள்ளைத் தாளோடு ஒன்றாகி மறைய, நீல எழுத்துக் கறுப்பாக எழும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியாது, ஏனெனில் அந்த அச்சைத் தடுக்கவே அவ்வாறு செய்தார்கள்.

கேள்வி வரும் இடம் முன்கூட்டியே தெரிந்தால், அதற்கு முன் சேமித்துவிடுங்கள். சியெராவின் பழைய விளையாட்டுகளில் தவறான விடைக்கு அப்போதே தண்டனை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முக்கியக் கட்டத்திலும் தனித்தனிப் பெயரில் சேமித்து வருவதே பாதுகாப்பு.

பழைய வட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு

பெட்டியோடு சிடி வைத்திருப்பவர்கள் மறுபடி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. சிடி கணினியில் படிக்கப்பட்டு, விளையாட்டு ஸ்கம்விஎம் பட்டியலில் இருந்தால், நிறுவல் நிரலை இயக்காமல் தரவுக் கோப்புகளை வட்டிலிருந்து நேரடியாக நகலெடுத்துச் சேருங்கள். 1990களின் நிறுவல் நிரல்கள் பல 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 64 பிட் விண்டோஸில் அவை தொடங்கவே தொடங்காது.

1990களின் இறுதியிலும் 2000களிலும் வந்த வட்டுகளில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்ற பூட்டுகள் இருக்கும். சேஃப்டிஸ்க் இயங்கத் தேவையான இயக்கியில் (டிரைவர் எனப்படும் துணை நிரலில்) பாதுகாப்புக் குறை இருந்ததால், மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் அதைப் பழைய விண்டோஸ்களில் முடக்கியது. விண்டோஸ் 10இல் அந்த இயக்கியே இல்லை. வட்டு கீறலின்றிப் புதிதாக இருந்தாலும் பயனில்லை. இந்த நிலையில் முறையான மறுவெளியீட்டை வாங்குவதே சரியான வழி என்று கருதுகிறேன். எவரோ உடைத்த இயக்கு கோப்பை இணையத்திலிருந்து இறக்கி ஓட்டுவது கணினிக்கு ஆபத்து, பல நாடுகளில் சட்டத்துக்கும் புறம்பு. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே தடைசெய்தது. மூல வட்டோ கருவியோ இருந்தால்தான் இயங்கும் வழக்கொழிந்த வடிவ விளையாட்டுகளுக்கு 2003இல் விலக்கு தரப்பட்டது, ஆனால் அத்தகைய விலக்குகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலிக்கப்படுபவை. கைவிடப்பட்ட மென்பொருள் என்று சில தளங்கள் பெயரிட்டுத் தருவனவற்றுக்கும் சட்டத்தில் தனி இடம் ஏதுமில்லை. விற்பனை நின்றதால் உரிமை நின்றுவிடாது.

எந்தக் கடையிலும் கிடைக்காத விளையாட்டுகள் மிகப் பல. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. அத்தகைய விளையாட்டை ஆட விரும்பினால், பழைய பெட்டியைக் கையேடும் தாள்களும் முழுதாக இருக்கின்றனவா என்று விற்பவரிடம் படம் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். வந்தவுடன் வட்டின் உள்ளடக்கத்தை நகலெடுத்து வைப்பதோடு, அட்டைவட்டின் ஒவ்வொரு நிலையையும் கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் வண்ணத்தில் வருடி, அதே கோப்புறையில் சேர்த்துவையுங்கள்.